கன்னத்தில் கை வைத்த சீமாட்டி

ஒரு பெண்மணி சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். பூப்போட்ட பட்டு கவுன், கனத்த வளையல்கள், மார்பில் பெரிய புரோச், பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. படம் அவ்வளவுதான். இதை வரைந்து முடிக்க ஓவியருக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. 1844-இல் பேச்சு தொடங்கியது, 1856-இல்தான் கையெழுத்து விழுந்தது. கையெழுத்தோடு தன் வயதையும் ரோமன் எண்ணில் எழுதிவைத்தார்: 76. பெருமையும் சலிப்பும் சரிபாதி கலந்த கையெழுத்து அது என்றே எனக்குப் படுகிறது.

ஓவியர் ஜான் ஓகுஸ்த் தொமினிக் ஆங்க்ர். பெண்மணி இனெஸ் முவாதெஸ்ஸியே, பாரிஸ் நகரத்துப் பெரிய பணக்காரர் ஒருவரின் மனைவி. 1936 முதல் படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. 120 செ.மீ. உயரம், 92 செ.மீ. அகலம். பிரமாண்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அறைக்குள் நுழைந்தால் முதலில் இவர்தான் நம்மைப் பார்க்கிறார், நாம் இவரைப் பார்ப்பது அப்புறம்தான். பார்க்கிறார் என்றுகூடச் சொல்லக்கூடாது. நம் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருக்கிறார், நாம் வந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அங்கிருந்து ஒரு போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். நாகர்கோவிலில் இருக்கும் பெரியம்மாவிடமிருந்துதான் முதல் பதில் வந்தது, குரல் பதிவாக. “இவ்வளவு நகையும் போட்டுட்டு எதுக்கு மக்களே இவ கன்னத்துல கை வச்சிட்டு இருக்கா?” நியாயமான கேள்வி. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அப்படி உட்கார்ந்தாலே கையைத் தட்டிவிடுவார்கள். பெரியம்மாவுக்கு அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. இந்தப் படத்தின் மொத்த சூட்சுமமும் அந்தக் கையில்தான் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் ஆங்க்ரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மனிதர் 1780-இல் தெற்கு பிரான்சில் மோந்தோபான் என்ற ஊரில் பிறந்தவர். நெப்போலியனின் ஓவியர் தாவித்திடம் படித்தவர். இளம் ஓவியர்களுக்கு அரசு கொடுத்த மிகப் பெரிய பரிசான ‘ரோம் பரிசு’ 1801-இல் அவருக்குக் கிடைத்தது. அரசிடம் காசு இல்லாததால் ரோமுக்குப் போய்ச் சேர 1806 ஆகிவிட்டது. போனவர் பதினான்கு வருடம் அங்கேயே இருந்துவிட்டார். நெப்போலியன் வீழ்ந்ததும் ரோமில் இருந்த பிரெஞ்சு அதிகாரிகள் மூட்டை கட்டினார்கள், அவர்களோடு ஆங்க்ரின் வருமானமும் போயிற்று. ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயர்களைப் பென்சிலில் வரைந்து கொடுத்துத்தான் அடுப்பெரிந்தது. ஒரு நாள் ஒருவர் கதவைத் தட்டி, “சின்னச் சின்னப் படம் வரைகிறவர் வீடு இதுதானே?” என்று கேட்டாராம். “இல்லை, இங்கே இருப்பவர் ஓவியர்” என்று கதவைச் சாத்தினாராம் ஆங்க்ர். அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்லும் கதை இது. கொஞ்சம் மெருகேறியிருக்கலாம், ஆனால் ஆளைப் பார்த்தால் சொல்லியிருக்கக்கூடியவர்தான்.

அந்தப் பென்சில் படங்கள் நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. இன்று எந்த அருங்காட்சியகமும் அவற்றுக்காக வரிசையில் நிற்கும். அவருக்கோ அவை வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை. அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஓவிய உலகில் ஒரு படிவரிசை இருந்தது. புராணம், வரலாறு, வேதாகமக் காட்சி இவையெல்லாம் மேல்படி. ஆள் முகத்தை வரைவது கீழே. ஆங்க்ர் அந்த வரிசையை மனதார நம்பினார். ஹோமரை வரைய வேண்டும், புனிதர்களை வரைய வேண்டும், பொற்காலத்தைச் சுவர் முழுக்கத் தீட்ட வேண்டும். நடுவில் யாராவது சீமாட்டி வந்து “என்னை வரையுங்கள்” என்றால் எரிச்சல் வரும். ‘பாழாய்ப்போன இந்த முகப்படங்கள் பெரிய வேலைகளைச் செய்யவிடாமல் தடுக்கின்றன’ என்கிற தோரணையில் அவர் அலுத்துக்கொண்டது பதிவாகியிருக்கிறது.

அவரை நான் முழுக்கக் கிண்டல் செய்யமாட்டேன், ஏனென்றால் அந்தச் சலிப்பில்தான் படங்களின் தரம் இருக்கிறது. சும்மா செய்துகொடுத்துவிட்டுப் போகத் தெரியாதவர். 1832-இல் பத்திரிகை முதலாளி பெர்தேன் என்பவரை வரையும்போது பொருத்தமான நிலை அமையாமல் அவர் முன்னாலேயே அழுதிருக்கிறார். பெர்தேன்தான் ஓவியரைத் தேற்றினாராம். பிறகு ஏதோ விவாதத்தின்போது பெர்தேன் இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் “இதுதான் படம்” என்று பிடித்துக்கொண்டார். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் பெர்தேன் இப்போதே எழுந்து வந்து நம்மைத் திட்டுவார் போலிருக்கும். குட்டையான, பருத்த, சட்டென்று கோபம் வருகிற, சட்டென்று அழுகிற ஓவியர். அவர் வரைந்த பெண்களில் ஒருவர்கூடக் கோபப்பட்டோ அழுதோ பார்க்க முடியாது.

சரி, முவாதெஸ்ஸியே கதைக்கு வருவோம்.

இனெஸ் 1821-இல் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் தெ ஃபூக்கோ. பழைய பிரபுக் குடும்பம், பணம் அவ்வளவாக இல்லை. அப்பா வனத்துறை அதிகாரி. 1842-இல், 21 வயதில், சிகிஸ்பேர் முவாதெஸ்ஸியே என்ற வணிகருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு இவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வயது, ஏற்கனவே மனைவியை இழந்தவர், வங்கித் தொழிலும் வியாபாரமும் செய்து நிறையச் சம்பாதித்தவர். ஒரு பக்கம் குலப்பெருமை, இன்னொரு பக்கம் கையிருப்பு. அன்றைய பாரிஸில் இப்படிச் சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். அப்படிச் சேர்ந்தவர்களுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. வந்துவிட்டோம், இனி இங்கேதான் இருப்போம் என்று வரவேற்பறையில் சொல்வதற்கு ஒரு படம். அதை ஆங்க்ர் வரைந்தால் அதற்கு மேல் கௌரவம் கிடையாது.

இனெஸின் அப்பாவுடைய துறையில் மேலதிகாரியாக இருந்த மார்கோத் ஆங்க்ரின் நெருங்கிய நண்பர். அவர் மூலமாகக் கேட்டார்கள். ஆங்க்ர் முடியாது என்றுவிட்டார். அப்புறம் இனெஸை நேரில் பார்த்தார். சம்மதித்துவிட்டார். அழகில் மயங்கிவிட்டார் என்று சொல்வது எளிது. எனக்குத் தோன்றுவது வேறு. அவர் அந்த முகத்தில் ஒரு மேல்படி ஓவியத்தைப் பார்த்துவிட்டார். கிரேக்கச் சிலையில் இருக்க வேண்டிய நேர்மூக்கு, அகன்ற கழுத்து, உருண்டு இறங்கும் தோள், சலனமே இல்லாத கண். கீழ்ப்படி வேலையைச் செய்துகொண்டே தன் மேல்படிக்கு ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். 1847-இல் பாதியில் நின்ற படத்தை ஸ்டுடியோவில் பார்த்த எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே, ரோமானியப் புராணத்து ஜூனோ தேவிக்கு ஒப்பான ராஜகளை என்று உருகி எழுதினார். ஆக, கணக்கு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முதல் திட்டத்தில் படத்தில் இரண்டு பேர். இனெஸின் மூத்த மகள் கத்ரீன், 1843-இல் பிறந்தவள், அம்மாவின் மடியோரம் தலையைச் சாய்த்தபடி இருக்க வேண்டும். அதற்காக வரைந்த கோட்டுப் படங்கள் இருக்கின்றன. ஆனால் கத்ரீன் ஒரு நிமிடம் அசையாமல் இருக்கவில்லை. சின்னக் குழந்தை, ஓவியருக்காக மணிக்கணக்கில் உறைந்துபோய் நிற்குமா? குழந்தையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார் ஆங்க்ர்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அசைகிறதை எல்லாம் வெளியேற்றிவிட்டு வரையப்பட்ட படம் இது. முதலில் வெளியே போனது குழந்தை.

அதற்குப் பிறகு காலம் ஓடிற்று. ஆங்க்ர் அந்த வருடங்களில் தாம்பியேர் மாளிகையில் பொற்காலம் என்ற பிரமாண்டச் சுவரோவியத்தில் மூழ்கியிருந்தார். அதுதான் அவர் மனதில் ‘பெரிய வேலை’. நடுவில் ஓசோன்வீல் சீமாட்டியை வரைந்தார், ரோத்சைல்டு சீமாட்டியை வரைந்தார். 1848 பிப்ரவரியில் புரட்சி வந்து ராஜா லூயி ஃபிலிப் ஓடிப்போனார். 1849 ஜூலையில் மனைவி மாத்லேன் இறந்தார்.

மாத்லேன் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆங்க்ர் ரோமில் தனியாகக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், நண்பர்கள் இந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார்கள். பிரான்சில் தொப்பி செய்து விற்றுக்கொண்டிருந்தவர். இருவரும் கடிதம் மூலமாகவே பேசி முடித்து, முகம் பாராமல் நிச்சயித்து, 1813-இல் ரோமில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண் பார்க்காமல் நடந்த கல்யாணம் முப்பத்தாறு வருடம் நன்றாகவே நடந்தது. முகங்களை வரைந்து பேர் வாங்கிய ஆள், கட்டிக்கொள்ளப் போகிறவர் முகத்தைப் பார்க்காமல் சரி என்றிருக்கிறார்! அவர் இறந்ததும் ஆங்க்ர் மாதக்கணக்கில் தூரிகையைத் தொடவில்லை. தாம்பியேர் சுவரோவியத்தை அப்படியே விட்டுவிட்டார், அது இன்றுவரை முடியாத படம்தான்.

முவாதெஸ்ஸியே குடும்பம் ஏழு வருடம் பொறுத்தது. 1851-இல் இனெஸே நினைவூட்டினார். ஆங்க்ருக்கு வெட்கமாகப் போயிருக்க வேண்டும். ஆனால் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். பாதியில் நின்ற படத்தை எடுக்கவில்லை. புதிதாக வேறொரு கேன்வாஸில், இனெஸை நிற்கவைத்து, கறுப்பு உடையில், தலையில் ரோஜாக்களோடு, சிவப்புச் சுவர் முன்னால் சில மாதங்களிலேயே வரைந்து முடித்துவிட்டார். அது இப்போது வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஏழு வருடம் முடியாதது சில மாதத்தில் முடிந்ததென்றால் கையில் கோளாறு இல்லை என்று அர்த்தம். கடன் அடைந்ததல்லவா, இனியாவது உட்கார்ந்த படத்தைத் தூக்கிப் போடலாமே? போடவில்லை. 1852-இல் மார்கோத்தின் உறவுக்காரப் பெண் தெல்ஃபீனை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டார். அவருக்கு 71, தெல்ஃபீனுக்கு 43. மனிதருக்குத் தெம்பு திரும்பியது. அதே வருடம் பழைய படத்தை மறுபடி சுவர்ப்பக்கமிருந்து திருப்பினார்.

திருப்பினால் உடை பழசாகியிருந்தது! 1844-இல் இருந்த பாரிஸ் மோஸ்தர் ஐம்பதுகளில் செல்லாது. பாவாடை அகன்றுவிட்டது, துணியின் வேலைப்பாடு மாறிவிட்டது. படத்தில் உடை ஒரு தடவைக்கு மேல் மாற்றப்பட்டிருக்கிறது. இப்போது நாம் பார்ப்பது வெள்ளைப் பட்டில் பூங்கொத்துகள் இறைந்த கவுன், ரிப்பன் முடிச்சுகள், ஓரமெல்லாம் குஞ்சம். 23 வயதுப் பெண்ணை வைத்துத் தொடங்கிய படம், 35 வயதுப் பெண்ணின் உடையில் முடிந்தது. நடுவில் 1850-இல் அவருக்கு இரண்டாவது மகள் மரீ பிறந்துவிட்டாள். முதல் மகள் கத்ரீனுக்குப் படம் முடியும்போது 13 வயது.

அந்த முகத்துக்கு என்ன வயது என்று பார்த்தேன். 23 இல்லை, 35-உம் இல்லை. வயதே இல்லை. தோலில் தூரிகை போன தடம் ஒன்றுகூடக் கிடையாது. ஆங்க்ருக்குத் தூரிகைத் தடம் தெரிவது பிடிக்காது. கோடுதான் கலையின் நேர்மை என்பது அவர் கட்சி. நெற்றியிலிருந்து தோள் வரை ஒரே வழவழப்பான பரப்பு, எங்கே வெளிச்சம் முடிந்து எங்கே நிழல் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆனால் கீழே கவுனில் பூக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கூர்மையாக இருக்கின்றன. மடிப்பில் பாதி மறைந்த பூ, மடிப்பு தாண்டி மறுபாதி எட்டிப் பார்க்கும் பூ. முகத்துக்குக் கொடுக்காத உயிரைத் துணிக்குக் கொடுத்திருக்கிறார் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. துணி அன்றைய பாரிஸ், முகம் எந்தக் காலமும் இல்லை. இரண்டையும் ஒரே சோபாவில் உட்காரவைத்ததுதான் வித்தை.

இப்போது கை.

வலது கை மடங்கி முகத்தருகே போயிருக்கிறது. ஆட்காட்டி விரல் நெற்றிப்பொட்டோரம் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. மற்ற விரல்கள் கன்னத்தின் கீழே மெல்ல விரிந்திருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த விரல்களில் எலும்பு இல்லை. மூட்டு எங்கே மடங்க வேண்டுமோ அங்கே மடங்காமல், நெகிழ்ந்த மெழுகுபோல் ஒரே வளைவாகப் போகின்றன. முகத்தின் பாரத்தை அந்தக் கை தாங்கவில்லை. பெரியம்மா பயந்த கன்னக்கை கவலையில் தலையைத் தாங்குகிற கை. இந்தக் கை எதையும் தாங்கவில்லை.

இந்தக் கையை ஆங்க்ர் இனெஸிடமிருந்து எடுக்கவில்லை. இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த ஹெர்குலேனியம் ஊரிலிருந்து எடுத்தார். அங்கே கிடைத்த ஒரு சுவரோவியத்தில், பெண்மானிடம் பால் குடித்து வளர்ந்த தன் மகன் தெலெஃபஸை ஹெர்குலிஸ் கண்டுபிடிக்கிறான். பக்கத்தில் ஆர்க்கேடியா நாட்டின் தேவதை உட்கார்ந்திருக்கிறாள். தலைக்குப் பக்கத்தில் கை, நெற்றிப்பொட்டில் ஒரு விரல். அப்பனும் பிள்ளையும் சேர்கிற கட்டம், அவள் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓவியம் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆங்க்ர் 1814-இல் நேப்பிள்ஸ் போயிருக்கிறார். பாரிஸ் பணக்கார வீட்டு மருமகளைக் கூப்பிட்டு, பதினெட்டு நூற்றாண்டுக்கு முந்தைய சுவர்த் தேவதையின் கையை அவருக்கு மாட்டிவிட்டார். கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குத் தாவியது இப்படித்தான். முகப்படம் என்ற பேரில் கடைசியில் வரைந்தது தேவதையைத்தான். பெரியம்மாவிடம் இதைப் பிறகு ஒரு நாள் விளக்கினேன். “தேவதைன்னாலும் கன்னத்துல கை வைக்கலாமா?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கண்ணாடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இனெஸின் பின்னால் சுவரோடு ஒரு பெரிய கண்ணாடி. முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் பின்னந்தலைதான் அதில் தெரிய வேண்டும். ஆனால் தெரிவது பக்கவாட்டு முகம், பழைய காசில் அச்சடித்த ராணிபோல. இயற்பியல் படி நடக்காத காரியம். ஆங்க்ருக்கு இது தெரியாமலா இருக்கும்? 1845-இல் வரைந்த ஓசோன்வீல் சீமாட்டியின் படத்தில் கண்ணாடி ஒழுங்காகப் பின்கழுத்தைத்தான் காட்டுகிறது. அந்தச் சீமாட்டியும் தாடையோரம் ஒரு விரலை வைத்திருக்கிறார், ஆனால் அவர் முகத்தில் குறும்பு இருக்கிறது, நம்மிடம் ஏதோ கேட்கப் போகிறவர்போல. முவாதெஸ்ஸியே கண்ணாடியில் தெரிவது கொஞ்சம் மங்கலான, கொஞ்சம் வயதான, யோசனையில் இருக்கிற வேறொரு பெண். நம் பக்கம் திரும்பிய முகம் அவருக்குரியது இல்லை, கண்ணாடியில் இருப்பதுதான் நிஜ இனெஸ் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இது என் கற்பனை. ஆனால் பார்த்துவிட்டு வந்தவர்கள் பலர் கண்ணாடியைத்தான் முதலில் பேசுகிறார்கள்.

பிக்காஸோவுக்கும் கண்ணாடி மறக்கவில்லை. 1921-இல் பாரிஸில் நடந்த ஆங்க்ர் கண்காட்சியில் இந்தப் படத்தைப் பார்த்தார். பதினொரு வருடம் கழித்து, தன் காதலி மரீ தெரேஸ் வால்தேரை வைத்து ‘புத்தகத்தோடு ஒரு பெண்’ என்ற படத்தைப் போட்டார். அதே உட்காரல், முகத்தோரம் அதே கை, பின்னால் அதே பக்கவாட்டு முகம். நிறம் மட்டும் கூச்சலிடும். அந்தப் படம் கலிஃபோர்னியாவில் பாசடீனாவில் இருக்கிறது. 2022 ஜூனில் லண்டன் நேஷனல் கேலரியில் இரண்டையும் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். பிக்காஸோ ஆங்க்ரைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் காட்சி நல்ல பதில். கிண்டல் செய்கிறவன் விரலின் வளைவைக்கூட விடாமல் திருப்பி வரையமாட்டான்.

சரி, அந்த நிஜ இனெஸ் யார்? படம் சொல்லாது. சொல்லக் கூடாது என்பதுதான் ஒப்பந்தமே. அந்தக் காலத்துச் சீமாட்டிப் படங்களின் வேலை, வீட்டில் நடப்பது எதுவும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது. எனக்கு அவர் யாரென்று தெரிந்தது கலைப் புத்தகம் வழியாக இல்லை. எங்கள் ஊர்ப் புனிதர் வழியாக.

2022 மே 15. ரோமில் புனித பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அதில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்து, 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை. குமரி மாவட்டத்தில் அன்றைக்கு டி.வி. ஓடாத கத்தோலிக்க வீடு இருந்திருக்காது. பேராலய முகப்பில் பத்துப் பேரின் படங்களும் தொங்கின. அதே பத்தில் ஒருவர் சார்லஸ் தெ ஃபூக்கோ, சகாரா பாலைவனத் துறவி. தேவசகாயத்தோடு புனிதரானவர்கள் யார் யார் என்று படித்துக்கொண்டு போனபோது, இவருடைய கதையில் முவாதெஸ்ஸியே என்ற பெயர் குறுக்கே வந்தது. அத்தை. அப்பாவுடைய கூடப்பிறந்தவர். சோபாவில் உட்கார்ந்திருக்கிற அதே அம்மாள்தான்!

சார்லஸ் 1858-இல், படம் முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பிறந்தார். ஆறு வயதுக்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். தாத்தா வளர்த்தார். ராணுவத்தில் சேர்ந்தார். தாத்தா விட்டுப்போன சொத்தை விருந்து, குடி, பெண் என்று கரைத்தார். வெட்டிச் செலவைத் தடுக்கக் குடும்பத்தார் நீதிமன்றம் போய்ச் சொத்துக்குக் கண்காணிப்பாளரைப் போடும்படி ஆயிற்று. பிறகு ஒரு நாள் சட்டென்று திசை திரும்பி, யூத மதகுருவான ரப்பிபோல வேஷம் போட்டுக்கொண்டு 1883-84-இல் மொரோக்கோ முழுக்கச் சுற்றி வரைபடம் எடுத்தார். புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1886-இல் பாரிஸ் திரும்பியபோது 27 வயது. நம்பிக்கை எதுவும் இல்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

அவர் போய் நின்ற இடம் அத்தை வீடு. ஆன்ழூ தெருவில் இருந்த அந்த வீட்டில் அரசியல்வாதிகளும் அறிஞர்களும் பாதிரியார்களும் வந்துபோவார்கள். சொத்தை அழித்துவிட்டு வந்த மருமகனை யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. அங்கே அத்தை மகள் மரீயோடு நிறையப் பேசினார். ஆங்க்ரின் படம் பாதியில் கிடந்த காலத்தில் பிறந்தாளே, அந்த மரீ. நம் கணக்கில் முறைப்பெண். எட்டு வயது மூத்தவர், வேறொருவர் மனைவி, ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சார்லஸின் வாழ்நாளில் மரீயைவிட நெருக்கமான ஆள் யாரும் கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர் உவ்லேன் பாதிரியார். அந்த அக்டோபர் மாதத்தில் சார்லஸ், புனித அகுஸ்தீன் ஆலயத்துக்குப் போய் அவரிடம், மதத்தைப் பற்றிப் பாடம் கேட்க வந்திருக்கிறேன் என்றார். பாதிரியார் பாடமெல்லாம் எடுக்கவில்லை. முட்டி போட்டுப் பாவசங்கீர்த்தனம் செய், செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேள் என்றார். செய்தார்.

மிச்சக் கதை பாலைவனத்தில். துறவு மடம், நாசரேத்தில் கன்னியர் மடத்து வேலைக்காரன், குருப்பட்டம், கடைசியில் அல்ஜீரியாவின் தெற்கில் தமன்ராசெத். அங்கே பாலைவனத்து மக்களான துவாரெக்குகளின் மொழிக்கு அகராதி எழுதினார். 1916 டிசம்பர் 1-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று காலைகூட மரீக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இனெஸ் அதற்குப் பல வருடம் முன்பே, 1897-இல், இறந்துவிட்டார்.

இதையெல்லாம் படித்த பிறகு படத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? தாய்தகப்பன் இல்லாத பையனுக்குச் சாப்பாட்டு மேசையில் இடம் போட்ட அத்தையை, நெற்றிப்பொட்டில் விரல் வைத்து எங்கேயோ பார்க்கிற தேவதையாக்கி வைத்திருக்கிறாரே இந்த ஆங்க்ர்! பிறகு யோசித்தால், 1856-இல் சார்லஸ் பிறக்கவே இல்லை. ஓவியரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் முன்னால் உட்கார்ந்தவர் நகை அணிந்த பணக்காரப் பெண், அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் பார்த்தும் அதற்கு மேல் பார்க்கவில்லை என்று வேண்டுமானால் சண்டை போடலாம். அந்தக் கண்ணாடி முகத்தை நினைத்தால் அந்தச் சண்டையும் பாதியில் நின்றுவிடுகிறது.

தேவசகாயம் புனிதரான நாளுக்கும் லண்டனில் பிக்காஸோவையும் ஆங்க்ரையும் சேர்த்து மாட்டிய நாளுக்கும் இடையே மூன்று வாரம்கூட இல்லை. மருமகன் ரோமில், அத்தை லண்டனில். இரண்டு செய்தியையும் யாரும் சேர்த்து எழுதி நான் பார்க்கவில்லை. கலைப் பக்கம் எழுதுகிறவர்கள் ஞாயிறு பூசைச் செய்தி படிப்பதில்லை, சர்ச் பங்குப் பத்திரிகைக்காரர்கள் ஓவியக் கண்காட்சிக்குப் போவதில்லை.

லண்டன் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நேஷனல் கேலரிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. டிராஃபால்கர் சதுக்கத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. ஆங்க்ர் படத்துக்கு முன்னால் கூட்டம் அதிகம் இருக்காது, எல்லோரும் வான்கோ சூரியகாந்திப் பூக்களைத் தேடி ஓடுவார்கள். கிட்டப் போய் முதலில் கவுனின் கீழ் மடிப்பைப் பாருங்கள், அப்புறம் வலது கை விரல்கள், கடைசியாகக் கண்ணாடி. முகத்தை விட்டுவிடுங்கள், அது எங்கேயும் போகாது.